சிறைக்கள ஆய்வில் இசைவும் அந்தரங்கக் காப்பும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

மனிதரை ஆராயும் துறை எதுவாயினும் அதற்குக் கடமைகள் இரண்டு உள. உண்மையை அறிந்து உரைத்தல் ஒன்று. அவ்வுண்மையைத் தந்தவருக்குத் தன் எழுத்தால் தீங்கு நேராது காத்தல் மற்றொன்று. பெரும்பாலான களங்களில் இவ்விரண்டும் முரண்படுவதில்லை. சிறையாகிய களத்திலோ இவை நாள்தோறும் மோதுகின்றன. அங்கே தகவல் தருபவர் எழுந்து வெளியே செல்லும் உரிமை இல்லாதவர். அவர் கூறுவதைக் கேட்கும் இடத்தில் அவரை அடைத்து வைத்துள்ள நிறுவனமும் இருக்கிறது.

தமிழ்த்துறைகளில் நாட்டார் வழக்காற்றியல், சமூக மொழியியல், தன்வரலாற்று ஆய்வு ஆகியன வேரூன்றியபின், ஏட்டையும் நூலையும் மட்டுமே கண்ட ஆய்வாளர் மனிதரைத் தேடிச் செல்லத் தொடங்கினர். சிறைவாசிகளின் பாடல், குழூஉக்குறி, வாழ்க்கைக் கதை, சிறை எழுத்து என்பனவும் ஆய்வுப்பொருளாகத் தகுவனவே. ஆயினும் ஏட்டுக்குத் தீங்கு செய்ய இயலாது என்ற பழைய பழக்கத்தோடு மனிதரை அணுகுதல் பொருந்தாது. சுதந்திரம் இல்லாத ஒருவரின் இசைவு இசைவாகுமா, அவரது அந்தரங்கத்தைக் காப்பதாக ஆய்வாளர் தரும் வாக்குறுதி எந்த அளவு மெய்யானது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வரலாறு உணர்த்துவது

சிறைவாசிகளை ஆய்வுப்பொருளாக்கிய வரலாறு பெருமைக்குரியதன்று. 1947ஆம் ஆண்டு நூரம்பர்க் நெறித்தொகுப்பு, மனிதர் தாமாக முன்வந்து தரும் இசைவு இன்றியமையாதது என்பதை முதல் நெறியாக வைத்தது. நாசி மருத்துவர்களை விசாரித்த அந்த வழக்கிலேயே எதிர்த்தரப்பினர், அமெரிக்கச் சிறைகளில் கைதிகள்மேல் மலேரியாச் சோதனை நடந்ததைச் சுட்டிக்காட்டி வாதிட்டனர். நெறி வகுத்தவரின் நாட்டிலும் சிறைச் சோதனைகள் நின்றுவிடவில்லை. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோல்மீது பல்வேறு வேதிப்பொருள்கள் சோதிக்கப்பட்டன. கைதிகளுக்குப் பணம் தரப்பட்டது; படிவத்தில் கையொப்பமும் பெறப்பட்டது. ஆலன் ஹார்ன்பிளம் என்பார் 1998இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக வெளிப்படுத்தியது. பிலடெல்பியா நகர நிருவாகம் மன்னிப்புக் கேட்டது 2022ஆம் ஆண்டில்தான்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. ஹோம்ஸ்பர்க்கில் கையொப்பம் இருந்தது. ஆகவே கையொப்பம் இருப்பதாலேயே அறம் நிறைவேறிவிட்டது எனக் கருத இயலாது. இதனை உணர்ந்தே 1978இல் அமெரிக்க அரசு, சிறைவாசிகள் பங்குபெறும் ஆய்வுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. ஆய்வில் பங்குகொண்டமையை முன்விடுதலைக்கான காரணமாகக் கருதக்கூடாது. கிடைக்கும் நலன்கள் சிறை வாழ்வோடு ஒப்பிடுகையில் கைதியின் முடிவைத் தடுமாறச் செய்யும் அளவு பெரியனவாக இருத்தல் கூடாது. ஆய்வை மதிப்பிடும் குழுவில் ஒரு சிறைவாசியோ சிறைவாசிகளின் சார்பாளரோ இடம்பெற வேண்டும் என்பன அவற்றுள் சில.

இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் ஒரு கொள்கை அறிக்கையையும், 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் விரிவான நெறிமுறைகளையும் வெளியிட்டுள்ளது. சுதந்திரமாக முடிவெடுக்கும் நிலையில் இல்லாதாரைத் தனிக் காப்புக்கு உரியோராக அவை கொள்கின்றன. உடல்நலம் சார்ந்த சமூகவியல் ஆய்வுக்கென 2000இல் தனி நெறித்தொகுப்பு ஒன்றும் வெளிவந்தது. ஆயினும் இவை பெரிதும் மருத்துவத்தையும் அதன் அண்டைத் துறைகளையும் நோக்கியவை. ஒலிப்பதிவுக் கருவியோடு களம் செல்லும் தமிழ் ஆய்வாளர் இவற்றைத் தமக்குரியனவாகக் கருதுவது அரிது. ஊசி குத்தாத ஆய்வில் காயம் ஏற்படாது என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். சொல்லாலும் காயம் நேரும் என்பது தமிழறிஞர்க்குப் புதிய செய்தியன்று.

இசைவும் மறுப்பும்

சிறைவாசியின் இசைவு பற்றிய சிக்கலைத் தமிழகத்து வழக்கொன்று தெளிவாக்குகிறது. ஆட்டோ சங்கர் என அறியப்பட்ட மரணதண்டனைக் கைதி செங்கல்பட்டுக் கிளைச்சிறையில் இருந்தபோது தன்வரலாறு எழுதினார் என்றும், அதனை வெளியிடும் உரிமை தமக்கு உண்டு என்றும் நக்கீரன் இதழ் கூறியது. அவர் அவ்வாறு எழுதவில்லை எனச் சிறைத்துறை கூறியது. அவரே மறுத்து எழுதிய கடிதமும் உள்ளது என்றது. அக்கடிதம் வற்புறுத்திப் பெறப்பட்டது என இதழின் தரப்பு வாதிட்டது. இராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கில் 1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைதி வழக்கில் ஒரு தரப்பாக இல்லாமையால், அவர் எழுதினாரா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. பொது ஆவணங்களில் உள்ள அளவில் அவரது வாழ்க்கையை இசைவின்றியும் வெளியிடலாம். அதற்கு அப்பால் சென்றால் அந்தரங்க உரிமையை மீறும் நிலை ஏற்படலாம். அரசோ அதிகாரிகளோ வெளியீட்டை முன்கூட்டித் தடுக்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்ட வரலாற்றில் இத்தீர்ப்பு அந்தரங்க உரிமைக்காக நினைக்கப்படுகிறது. அறவியல் நோக்கில் இவ்வழக்கு உணர்த்துவது வேறொன்று. சிறைக்குள்ளிருந்து வரும் ‘ஆம்’ ஐயத்திற்குரியது என்பதைப் பலரும் அறிவர். அங்கிருந்து வரும் ‘இல்லை’ என்பதும் அதே அளவு ஐயத்திற்குரியது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. கைதி இசைந்தார் எனில் யாருக்காக இசைந்தார்? மறுத்தார் எனில் யாருக்கு அஞ்சி மறுத்தார்? இரண்டையும் சுவருக்கு வெளியே இருப்பவர் உறுதி செய்துகொள்ள இயலவில்லை.

இரண்டாவது வழக்கு கர்நாடகத்தைச் சார்ந்தது. செல்வி எதிர் கர்நாடக அரசு என்னும் வழக்கில் 2010 மே 5ஆம் நாள் உச்சநீதிமன்றம், உண்மை அறியும் மருந்துச் சோதனை, பொய் கண்டறியும் கருவிச் சோதனை, மூளைப் பதிவுச் சோதனை ஆகியவற்றை எவர்மீதும் வலிந்து நடத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. ஒருவர் தம் மனத்தில் உள்ளதைச் சொல்வதா, சொல்லாதிருப்பதா எனத் தாமே தெரிவு செய்யும் உரிமை அவரது அந்தரங்கத்தின் பகுதி என அது கருதியது. 2000களில் இத்தகைய சோதனைகளின் காட்சிப்பதிவுகள் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பானதையும் இங்கு நினைவுகூரலாம். காவலில் இருந்தவரின் மயக்கப் பேச்சு நாட்டின் வரவேற்பறைகளில் கேட்கப்பட்டது. ஒருவரைப் பேசவைத்தவர் வேறு, அப்பேச்சைப் பரப்பியவர் வேறு என்னும் சமாதானம் அவருக்கு நேர்ந்த இழிவைக் குறைக்கவில்லை.

2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமித்துக் கூறியது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி ஆவார். சிறை வாயிலில் மனிதர் தம் அடிப்படை உரிமைகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்வதில்லை என்பதைச் சுனில் பத்ரா வழக்கில் 1978ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் வலியுறுத்தியிருந்தது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், சிறைவாசிக்கும் அந்தரங்கம் உண்டு என்பது ஐயத்திற்கு இடமின்றிப் பெறப்படும்.

பெங்களூர்ச் சிறை ஆய்வு

இசைவு ஐயத்திற்குரியதாயின் சிறையில் ஆய்வே கூடாது என முடிவு செய்வது எளிது. அம்முடிவு சரியன்று. பெங்களூரின் தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள் பரப்பன அக்ரகாரத்தில் உள்ள மத்தியச் சிறையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறைவாசிகளைச் சந்தித்து நடத்திய ஆய்வு 2011இல் நூலாக வெளிவந்தது. மனநலச் சிக்கல்களும் போதைப்பழக்கமும் சிறையில் எவ்வளவு பரவியுள்ளன என்பதை அது எடுத்துக்காட்டி, சிறைகளில் மனநலப் பணி அமைய வேண்டிய முறையையும் பரிந்துரைத்தது. ஆய்வாளர் உள்ளே செல்லாதிருந்தால் அத்துன்பம் வெளியுலகின் கணக்கில் ஏறியிராது. காக்கிறோம் என்ற பெயரில் ஒரு மக்கட்பிரிவை ஆய்விலிருந்து முற்றாக விலக்குவது அவர்களது துன்பத்தையும் மறைத்துவிடும்.

எனினும் அத்தகைய ஆய்வுக்கும் தமிழ்த்துறை மேற்கொள்ளும் ஆய்வுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு உண்டு. ஆயிரக்கணக்கானோரைப் பற்றிய ஆய்வு விழுக்காடுகளாக வெளிவருகிறது. எண்ணிக்கையே ஒருவருக்குத் திரையாகிறது. வாழ்க்கைக் கதையை ஆராய்பவரோ ஒருவரைப் பற்றியே எழுதுகிறார். அவர் பிறந்த ஊர், பேசும் வழக்கு, பாடும் பாட்டு, சொல்லும் பழமொழி ஆகியவையே அங்கே சான்றுகள். ஆய்வின் சிறப்பு எதில் உள்ளதோ அதிலேயே தகவலாளருக்குரிய இடரும் உள்ளது. ஆகவே மருத்துவத்துறையைவிடத் தமிழ்த்துறைக்கே இந்நெறிகள் மிகுதியாகத் தேவைப்படுகின்றன எனலாம்.

பெயர் சுட்டாமை

பெயரை மாற்றிவிட்டால் அந்தரங்கம் காக்கப்பட்டுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அந்நம்பிக்கை போதாது என்பதை நம் இலக்கண மரபே காட்டும். அகன் ஐந்திணையில் வரும் மாந்தரைக் குறிப்பிட்ட ஒருவராகப் பெயர் சொல்லிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் வரையறை. நெடுநல்வாடையில் தலைவன் பெயர் எங்கும் இல்லை. பிரிந்த தலைவியின் துயரே பாட்டில் விரிகிறது. அவ்வாறிருந்தும் நச்சினார்க்கினியர் அதனைப் புறமெனக் கொண்டார். வேலில் கட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளப் பூவாதலின், அக்குறிப்பு ஒன்றே தலைவனை இன்னாரெனச் சுட்டிவிடுகிறது என்பது அவர் கருத்து. சுட்டுதல் பெயரால் மட்டும் நிகழ்வதன்று, அடையாளத்தாலும் நிகழும் என்னும் நுட்பத்தை உரையாசிரியர் கண்டிருந்தார். அகமரபின் நோக்கம் பொதுமை. இன்றைய ஆய்வறத்தின் நோக்கம் காப்பு. நோக்கம் வேறாயினும் கண்டறிந்த உண்மை ஒன்றே.

இதனை இன்றைய களத்தில் பொருத்திப் பார்க்கலாம். கிழக்குப் பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளி, தமிழர் பல தலைமுறைகளாக வாழும் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாளையம் அமைந்த காலந்தொட்டுத் தமிழ் பேசும் மக்கள் இச்சுற்றுப்புறங்களில் குடியேறினர். கன்னடமும் உருதும் ஆங்கிலமும் கலந்த அவர்களது தமிழ் தனித்த வழக்காக ஆராயத்தக்கது. ஆய்வாளர் ஒருவர் பெங்களூர்ச் சிறையில் தமிழ் பேசும் பெண் ஒருவரின் வாழ்க்கைக் கதையைப் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். ஆய்வேட்டில் பெயர் மாற்றப்படுகிறது. ஆனால் ‘ஜீவனஹள்ளியில் பிறந்தவர், இன்ன வயதினர், பூ விற்றவர், இரு பிள்ளைகளின் தாய், இன்ன குற்றத்திற்காக உள்ளே இருப்பவர்’ என்னும் குறிப்பு அப்படியே இடம்பெறுகிறது. நாடு முழுவதும் உள்ள வாசகர்க்கு அவர் யாரோ ஒருவர். அந்தத் தெருவில் வாழ்பவர்க்கோ ஐந்தாவது குறிப்புக்குக்கூடத் தேவையில்லை. மூன்றாவதிலேயே அவரை அறிந்துகொள்வர். நாளை அவர் விடுதலையாகித் திரும்பிச் செல்ல வேண்டிய இடமும் அத்தெருவே. பள்ளியில் படிக்கும் அவர் பிள்ளைகள் இவ்வாய்வுக்கு இசைவு தந்தவர்களும் அல்லர்.

ஊர், வயது, தொழில், குற்றம், குடும்பம் ஆகிய ஐந்தும் இங்கே வேம்புகள். ஆய்வுப்பொருளுக்கு இவற்றுள் எது இன்றியமையாதது என வினவி, ஏனையவற்றை நீக்குதலோ பொதுமைப்படுத்துதலோ வேண்டும். வழக்காற்றை ஆராய்பவருக்குக் ‘கிழக்குப் பெங்களூர்’ என்பது போதும். குற்றத்தின் பெயர் தேவையில்லை. சிறை வாழ்வை ஆராய்பவருக்குக் குற்றத்தின் வகை தேவைப்படலாம். பிறந்த தெரு தேவையில்லை. சான்று குறைந்தால் ஆய்வின் தரம் குறையும் என்பார் உளர். தேவையற்ற குறிப்பை மிகுதியாகத் தருவது தரம் அன்று.

காவல் நெறியும் மந்தண நெறியும்

இதுவரை கூறியவை ஆய்வாளர் தாமே செய்யத்தக்கன. அவர் கையில் இல்லாத சிக்கலும் ஒன்று உண்டு. தில்லி திகார் சிறையில் கைதி ஒருவரைப் பேட்டி கண்டு எடுத்த ஆவணப்படம் 2015இல் பெருஞ்சர்ச்சையை எழுப்பியது. அவ்வாண்டு ஜூலையில் நடுவண் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுரையை அனுப்பியது. ஆய்வுக்காகவோ பேட்டிக்காகவோ தனியாரைப் பொதுவாகச் சிறைக்குள் அனுமதிக்கலாகாது. விதிவிலக்காக அனுமதிக்கப்படுவோர் பதிவுக் கருவிகளைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் மூன்று நாள்களுக்கு ஒப்படைக்க வேண்டும். ஆட்சேபத்துக்குரியதாக அவர் கருதும் பகுதி நீக்கப்படும் என அது கூறியது. சிறை மாநிலப் பட்டியலைச் சார்ந்தது ஆதலின் நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடும். ஆயினும் இவ்வறிவுரை எழுப்பும் அறவினா எங்கும் பொதுவானது.

ஆய்வறம் ‘நீங்கள் சொல்வது நம்மிடையே இருக்கும்’ எனச் சொல்லச் சொல்கிறது. காவல் நெறி ‘அதை நான் கேட்ட பின்னரே வெளியே போகலாம்’ என்கிறது. பாதிக்கப்பட்டோரின் மானமும் சிறைப் பாதுகாப்பும் கருதிய அக்கறை பின்னதில் உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் சிறையில் தமக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லும் கைதியின் குரலை அச்சிறையின் தலைவரே முதலில் கேட்பார் எனில், அங்கே மந்தணம் என்னும் சொல்லுக்குப் பொருள் இல்லை. இந்நிலையில் இசைவுப் படிவத்தில் ‘தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படும்’ என அச்சிடுவது பொய்யாகும். தீங்கு விளைவிக்காத சொல்லையே வள்ளுவர் வாய்மை எனக் கொண்டார். இங்கே அப்படிவம் உண்மையாகவும் இல்லை, தீங்கற்றதாகவும் இல்லை.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உளது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; ஏறத்தாழ நால்வரில் மூவர். இவர்கள் குற்றவாளிகள் என எந்த நீதிமன்றமும் இன்னும் கூறவில்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் கூறியதற்குச் சான்றுச் சட்டம் காப்பளிக்கிறது. ஆய்வாளரிடம் கூறியதற்கு அத்தகைய காப்பு இல்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெறும் உரையாடல் வழக்கில் சான்றாக அழைக்கப்படலாம். ஆகவே விசாரணைக் கைதியிடம் வழக்கு நிகழ்ச்சியைப் பற்றி வினவுதலே தவிர்க்கத்தக்கது. கேளாத செய்தியை எவரும் ஆய்வாளரிடமிருந்து பெற இயலாது.

பெயரை விரும்புவோர்

பெயர் மறைத்தல் எல்லார்க்கும் பொருந்தும் அறமா என்னும் மறுவினாவும் எழும். நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் பெங்களூர் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்ட நடிகையும் எழுத்தாளருமான சினேகலதா ரெட்டி, அங்கே நாட்குறிப்பு எழுதினார். 1977 ஜனவரியில், விடுவிக்கப்பட்ட சில நாள்களில், அவர் மறைந்தார். அந்நாட்குறிப்பு அவர் பெயரோடு வெளிவந்தமையாலேயே அது காலத்தின் சான்றாயிற்று. அச்சிறை இருந்த இடம் இன்று சுதந்திரப் பூங்காவாக உள்ளது. அவரைப் ‘பெண் சிறைவாசி அ’ எனக் குறிப்பது காப்பாகாது, அழிப்பாகும்.

ஆகவே பெயரை மறைக்கும் உரிமையும் பெயரோடு பேசும் உரிமையும் சிறைவாசிக்கே உரியன. ஆயினும் பெயரை விரும்புபவரின் கதையில் பெயரை விரும்பாத பிறரும் இருப்பர். இராஜகோபால் தீர்ப்பும், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும் அதனை வெளியிடலாகாது என விலக்குக் கூறியது. பொது ஆவணத்தில் உள்ளது என்பதாலேயே ஒன்று எழுதத்தக்கதாகிவிடாது என்பது இதனால் பெறப்படும்.

பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து தமிழ்த்துறைகள் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, சிறைக்கு வெளியே செய்ய இயலும் ஆய்வைச் சிறைக்குள் செய்யலாகாது. விடுதலையானவரிடம் கேட்கத்தக்கதை அடைபட்டவரிடம் கேட்பது, அவர் எளிதில் கிடைக்கிறார் என்பதற்காகவே ஆகும்.

இரண்டாவது, இசைவை ஒருமுறை பெறும் கையொப்பமாகக் கருதலாகாது. அவர் தாய்மொழியில் வாய்மொழியாக விளக்கி, ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாகக் கேட்டல் வேண்டும். அதிகாரி அழைத்து வந்து நிறுத்தியவரிடம் பெறும் இசைவு செல்லாது. மறுத்தவர் யார் என்பதை அதிகாரி அறியாத வகையில் சந்திப்பு அமைதல் வேண்டும். இசைந்தவரும் மறுத்தவரும் ஒரே அளவு நேரம் ஆய்வாளருடன் அமர்ந்து செல்லும்படி செய்தல் இதற்கு எளிய வழி.

மூன்றாவது, கையொப்பமிட்ட படிவமே சிறைவாசியையும் ஆய்வையும் இணைக்கும் ஒரே ஆவணமாக இருக்குமாயின், அதனைப் பெறாதிருத்தலே காப்பு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு வாய்மொழி இசைவைக் குறித்துக்கொள்ளலாம்.

நான்காவது, காவலர் பார்வைக்கு உட்பட்டு, செவிக்கு எட்டாத இடத்தில் உரையாடல் நிகழ வேண்டும். அது இயலாவிடின் அந்தரங்கமான வினாக்களைக் கைவிட வேண்டும். கன்னடச் சிறையில் தமிழ்க் கைதிக்கு இன்னொரு கைதியை மொழிபெயர்ப்பாளராக்கலாகாது.

ஐந்தாவது, மந்தணத்தின் எல்லையை முன்னரே சொல்லுதல் வேண்டும். பதிவை அதிகாரி கேட்பார் எனில் அதனைச் சொல்ல வேண்டும். தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால் மருத்துவரிடம் அறிவிக்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். சிறையில் நேர்ந்த வன்முறையை ஒருவர் கூறினால், அவர் விருப்பமின்றி அதனை வெளியிடலாகாது; ஆய்வாளர் வெளியே சென்றபின்னும் அவர் அங்கேயே இருப்பவர். அவர் விரும்பின் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகத் துணைசெய்தல் கடமை.

ஆறாவது, ஆய்வேடு வாய்மொழித் தேர்வுக்கும் நூலகத்துக்கும் இணையத் தளத்துக்கும் செல்வது. ஒருகாலத்தில் நூலக அடுக்கில் உறங்கிய ஏடு இன்று ஒரு சொல்லைத் தட்டினால் கிடைக்கிறது. ஆதலின் மூலப்பதிவுகளைப் பின்னிணைப்பாகத் தரும் நம் வழக்கம் இத்தகைய ஆய்வுகளில் மறுபரிசீலனைக்கு உரியது.

முடிவுரை

சிறைவாசியின் இசைவு ஒருபோதும் முழுமையானதன்று. அக்குறையை எப்படிவமும் நிறைவு செய்யாது. இசைவு எந்த அளவு குறைகிறதோ அந்த அளவு ஆய்வாளரின் பொறுப்பு கூடுகிறது என்பதே இவ்வாய்வின் முடிவு. சுதந்திரமுள்ள தகவலாளர் தம்மைத் தாமே ஓரளவு காத்துக்கொள்வார். சொல்லத்தகாததைச் சொல்லாது எழுந்து செல்வார். சிறைவாசியின் பொருட்டு அதனை ஆய்வாளரே செய்ய வேண்டியிருக்கிறது. அவர் சொல்லிவிட்ட பிறகும், எழுதத்தகாதது எது எனத் தெரிந்து விடுதலும் ஆய்வுப்பணியின் பகுதியே.

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் எனச் சோழ மன்னனிடம் வேண்டியவளாக மணிமேகலையைச் சாத்தனார் படைத்தார். ஆய்வாளர் சிறையை மாற்றும் ஆற்றல் படைத்தவர் அல்லர். ஆயினும் தாம் அமர்ந்து கேட்கும் அந்த ஒரு மணி நேரத்தையேனும் அறத்திற்கு உட்பட்டதாக ஆக்குதல் அவர் கையில் உள்ளது. தமிழ்த்துறைகள் தமக்கென நெறிமுறைக் குழுக்களை அமைத்து, அவற்றில் சிறை வாழ்வை அறிந்த ஒருவருக்கேனும் இடமளிப்பின் அது நல்ல தொடக்கமாக அமையும்.